மலை குலுங்கும்போது: வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

இமயமலையில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தாலே சென்னை வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வரும். பத்ரிநாத், முக்திநாத் போக டிக்கெட் எடுத்தவர்கள், அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர், உதவி அனுப்ப நினைப்பவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். தேர்ந்தெடுத்த சில கேள்விகளுக்கு ஒரு கட்டடப் பொறியாளரும் ஒரு நிலவியலாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: 2011-ல் சிக்கிமில் 6.9. 2015-ல் நேபாளத்தில் 7.8. எண்ணில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. சிக்கிமில் இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர், நேபாளத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர். இந்த ரிக்டர் கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஒரு புள்ளி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு ஏறும். நீங்கள் சொல்லும் 0.9 வித்தியாசமே இருபது மடங்குக்கு மேல். விஞ்ஞானிகள் இன்று பயன்படுத்துவது வேறு அளவுகோல். செய்திகளில் மட்டும் ரிக்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எத்தனை உயிர் போகும் என்பதை அந்த எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. முதலில் ஆழத்தைப் பாருங்கள். 2015 அக்டோபர் 26-ல் ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைக்கு அடியில் 7.5 அளவில் நடுக்கம் வந்தது. டெல்லிவரை ஆட்டம் தெரிந்தது. இறந்தவர்கள் சுமார் 400 பேர். 2005 அக்டோபர் 8-ல் காஷ்மீரில் வந்தது 7.6, கிட்டத்தட்ட அதே அளவுதான். பாகிஸ்தான் பக்கம் மட்டும் 73,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்துகுஷ் நடுக்கம் 200 கிலோமீட்டருக்கும் கீழே பிறந்தது. காஷ்மீர் நடுக்கம் முப்பது கிலோமீட்டருக்குள், ஊர்களுக்கு நேர் கீழே.

அடுத்தது கிழமையும் நேரமும். காஷ்மீர், நேபாளம் இரண்டிலும் அன்று சனிக்கிழமை. பாகிஸ்தானில் சனிக்கிழமை பள்ளி உண்டு. காலை 8.50-க்கு வகுப்பறைகள் நிறைந்திருந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக் கூரைக்கு அடியிலேயே போய்விட்டார்கள். நேபாளத்தில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. பகல் 11.56-க்குப் பல்லாயிரம் வகுப்பறைகள் நொறுங்கின, உள்ளே பிள்ளைகள் இல்லை. கிராமத்தில் பெரியவர்களும் பாதிப் பேர் வயலில் இருந்தார்கள். அதே நடுக்கம் ஒரு வேலை நாளில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

மூன்றாவது சுவர். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் வந்தது வெறும் 6.2. இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அங்கே ஆளைக் கொன்றது கனமான கல் சுவர். அதைப் பற்றியே அடுத்த கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: நான் கொத்தனார். டி.வி.யில் காட்டும் மலைக் கிராம வீடுகளில் ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்தில் கல் சுவர் இருக்கிறது. அவ்வளவு கனமான சுவர் ஏன் முதலில் விழுகிறது? நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட அது பலம்தானே?
– வாசகர், கொளத்தூர்

பதில்: வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சுவர். உடைந்த இடத்தில் குறுக்கு வெட்டைப் பார்த்தால் இரண்டு சுவர் தெரியும். வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவில் ஜல்லித் துண்டும் மண்ணும். இரண்டு வரிசையையும் பிணைக்க எதுவும் இருக்காது. ஆட்டம் தொடங்கியதும் நடுவில் இருக்கும் மண் கீழே இறங்கி, இரண்டு பக்கமும் கல்லை வெளியே தள்ளும். சுவர் வயிறு பிதுங்கும். முதலில் வெளிவரிசை சரியும், அடுத்து உள்வரிசை. மேலே பலகைக் கல்லோ மண்ணோ போட்ட கூரை இருந்தால் டன் கணக்கில் பாரம் அப்படியே இறங்கும். சுவர் கனமாக ஆக, அது குலுங்கும்போது வரும் விசையும் கூடுகிறது. ஆகவே கனம் இங்கே பலம் ஆகாது.

இதற்கு மருந்து மிக எளிது. கல் சுவரின் கனம் 450 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உருண்டைக் கல்லை அப்படியே வைக்காமல் உளியால் முகம் தட்ட வேண்டும். ஒரே மூச்சில் உயரமாக ஏற்றக் கூடாது. ஒரு ஏற்றத்துக்கு 600 மில்லிமீட்டர் போதும். ஒவ்வொரு 600 மில்லிமீட்டர் உயரத்திலும், நீளவாக்கில் 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில், சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே போகிற நீளக் கல் ஒன்று வேண்டும். அவ்வளவு நீளக் கல் கிடைக்காவிட்டால், சுவர்க் கனத்தில் முக்கால் பங்காவது நீளமுள்ள இரண்டு கற்களை ஒன்றை ஒன்று தாண்டிப் போகும்படி ஜோடியாக வைக்கலாம். கலவை சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு, அல்லது சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. மண் கலவை என்றால் ஒரு தளத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிமென்ட் கலவையிலும் இரண்டு தளம்தான். தள உயரம் 3 மீட்டருக்குள், குறுக்குச் சுவர் இல்லாமல் நீண்டு போகும் சுவர் 5 மீட்டருக்குள்.

இதற்கு மேல் பெல்ட். நம் ஊரில் கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டுவிட்டு நிறுத்துகிறோம். நடுக்கம் வரும் இடத்தில் அந்த லிண்டல் எல்லாச் சுவர்களையும் சுற்றி அறுபடாமல் ஓட வேண்டும். குறைந்தது 75 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு முறுக்குக் கம்பி, அவற்றைக் கோக்க 150 மில்லிமீட்டருக்கு ஒரு 6 மில்லிமீட்டர் கம்பி. கம்பியின் கனம் சுவரின் நீளத்துக்கும் அந்த இடத்தின் நிலநடுக்க ஆபத்து மண்டலத்துக்கும் ஏற்பக் கூடும். தவறு நடப்பது பெரும்பாலும் மூலையில்தான். இரண்டு சுவர்க் கம்பியும் மூலையில் வந்து வெறுமனே முட்டி நின்றால் பெல்ட் போட்ட பயனே இல்லை. கம்பியை வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கம்பி கிடைக்காத மலையில் மரமே போதும்: இரண்டு நீள மரங்களை இணையாகப் படுக்க வைத்து, இடையிடையே குறுக்குக் கட்டை அடித்து, ஏணியைப் படுக்கப் போட்டதுபோல் சுவருக்குள் பதித்துவிடலாம். முக்கோண முகட்டுச் சுவரைக் கல்லால் ஏற்றவே வேண்டாம். எதிலும் பிடிப்பில்லாமல் நிற்பதால் பெரும்பாலும் முதலில் விழுவது அதுதான். பலகையோ தகரமோ அடித்து மூடினால் போதும்.

ஏற்கெனவே கட்டிய சுவரையும் காப்பாற்றலாம். ஒரு கல்லைச் சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், சிறு கம்பியால் நெம்பி எடுங்கள். மறுபக்கம்வரை துளை போட்டு, இரண்டு முனையும் கொக்கியாக வளைத்த 8 மில்லிமீட்டர் கம்பியை வைத்து, கான்கிரீட் திணித்து, பத்து நாள் ஈரம் காட்டுங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் பல துளைகள் போடாதீர்கள். கில்லாரிக்குப் பிறகு அதைச் சுற்றிய மராத்வாடா கிராமங்களில் இப்படிப் பழைய சுவர்களைத் தைத்திருக்கிறார்கள்.

மலையில் இன்னொரு சிக்கல் குளிர். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் கான்கிரீட் இறுகுவது மிக மெதுவாகிவிடும். போட்ட முதல் இரவே உள்ளிருக்கும் நீர் உறைந்தால் அந்தக் கான்கிரீட்டை நம்ப முடியாது. சமவெளியிலிருந்து போகிற மேஸ்திரிகள் இதைக் கவனிப்பதில்லை.

பழைய ஆட்களுக்கு இதெல்லாம் தெரிந்தே இருந்தது. காஷ்மீரில் மரச்சட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நடுவே சிறு கல்லும் மண்ணும் அடைக்கும் ‘தஜ்ஜி தேவாரி’ வீடுகள், உத்தரகாசிப் பக்கம் மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கிய ‘கோட்டி பனால்’ பல மாடி வீடுகள், சிக்கிமில் மூங்கில் தட்டிச் சுவர் வீடுகள் எல்லாமே ஆடும், ஆனால் சட்டென்று சரியாது. மரம் கிடைப்பது அரிதாகி, சிமென்ட் கௌரவமாகி, மரத்தை எடுத்துவிட்டுக் கல்லை மட்டும் வைத்துக்கொண்டதில் வந்த ஆபத்து இது.

கேள்வி: நானும் என் ஓரகத்தியும் முக்திநாத் யாத்திரை போகிறோம். இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. அங்கே நிலநடுக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: நல்லபடியாகப் போய்வாருங்கள் அம்மா. சில விஷயங்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் ஹோட்டலில் இருக்கும்போது ஆடினால் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். கட்டிலில் படுத்திருந்தால் குப்புறத் திரும்பித் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். மேசை இருந்தால் அதன் அடியில் போய்க் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கல் வீட்டில் தங்கியிருந்து, கதவுக்குப் பக்கத்தில் இருந்து, நாலைந்து எட்டில் திறந்த வெளி என்றால் மட்டும் வெளியே வந்துவிடலாம். குறுகலான சந்துக்குள் ஓடுவது உள்ளே இருப்பதைவிட மோசம். இரண்டு பக்கச் சுவரும் சந்துக்குள்தான் விழும்.

ஆட்டம் நின்றதும் வெளியே வந்துவிடுங்கள். பை, செருப்பு, போன் எடுக்கத் திரும்ப உள்ளே போகாதீர்கள். நேபாளத்தில் ஏப்ரல் 25-ல் 7.8 வந்தது, பதினேழு நாள் கழித்து, மே 12-ல் 7.3 வந்து மேலும் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் ஆட்டத்தில் விரிசல் விட்ட வீட்டுக்கு இரண்டாவது ஆட்டம் சின்னதாக வந்தாலே போதும்.

பஸ்ஸில் இருந்தால், வெட்டிய மலைச்சரிவுக்கு அடியிலும் பாலத்தின் மேலும் டிரைவரை நிறுத்த விடாதீர்கள். ஓடை இறங்கி வரும் மடிப்பிலும் நிற்க வேண்டாம். மேலிருந்து உருளும் பாறையெல்லாம் அந்த வழியாகத்தான் வரும். ஆற்றங்கரைக் கூடாரம் பார்க்க அழகு, நடுக்கத்துக்குப் பிறகு அங்கே இரவு தங்கக் கூடாது.

கைப்பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு விசில், சின்ன டார்ச், ஒரு லிட்டர் தண்ணீர், குளோரின் மாத்திரை, பிரஷர், சுகர் மாத்திரைகள் பயண நாளுக்கு மேல் பத்து நாளைக்கு, மருந்துச் சீட்டு, அடையாள அட்டை நகல், சில்லறை நோட்டுகள். மின்சாரம் போனால் ஏ.டி.எம். நின்றுவிடும். போனில் கூப்பிட முடியாதபோதும் எஸ்.எம்.எஸ். போய்ச் சேர வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்ல முயலாமல், சென்னையில் ஒரே ஒருவரைத் தொடர்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முக்திநாத்துக்குப் பக்கத்து விமான நிலையமான ஜோம்சோமில் பகலுக்கு மேல் காற்று பலமாகிவிடும் என்பதால் விமானங்கள் காலையில்தான். அதனால் ஊர் திரும்புவது நாள் கணக்கில் தள்ளிப்போகலாம், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இடிபாட்டில் சிக்கினால் கத்திக்கொண்டே இருக்காதீர்கள், தூசி மூச்சில் போகும். விசில் ஊதுங்கள், அல்லது குழாயிலோ சுவரிலோ மூன்று மூன்றாகத் தட்டுங்கள். இன்னொருவர் காலில் பல மணி நேரம் பாரம் ஏறிக் கிடந்தால், உயிரோடு பேசுகிறாரே என்று அவசரப்பட்டுச் சட்டென்று பாரத்தைத் தூக்காமல், முடிந்தால் மருத்துவக் குழுவை அழையுங்கள். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியம் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்தால் இதயம் நின்றுவிடலாம். பாரத்தை எடுக்கும் முன்பே சலைன் ஏற்ற ஆரம்பிப்பது அதனால்தான்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் சார்பில் அரிசி, பருப்பு, துணிமணி சேகரித்து அனுப்பலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: துணி வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் மூட்டை மூட்டையாகப் பழைய துணி நனைந்து கிடந்ததை நம் மக்கள் மறந்திருக்க முடியாது. மலைக்குப் போகும் ஒவ்வொரு கிலோவும் வேறொரு கிலோவின் இடத்தைப் பிடிக்கிறது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே ஹெலிகாப்டர் தூக்கும் எடையும் அதற்கேற்பக் குறைந்துவிடும்.

பச்சரிசி, துவரம்பருப்பு அனுப்பினால் சிக்கல். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது; குக்கர் வீட்டோடு புதைந்திருக்கும்; விறகு நனைந்திருக்கும். அவல் அனுப்புங்கள். நேபாள மலைவாசிகளுக்கும் அது அன்றாட உணவு. தண்ணீரில் நனைத்தால் போதும். கூடவே வெல்லம், வறுத்த கடலை, பொட்டுக்கடலை மாவு, உப்பு. பால் பவுடரைச் சுத்தமான தண்ணீர் உறுதியாகாத இடத்துக்குக் கைக்குழந்தைகளுக்கென்று அனுப்பாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்து பிள்ளைக்கு ஆபத்தாகும்.

சாப்பாட்டுக்கு அடுத்தபடி கூரை. 2005-ல் காஷ்மீரில் அக்டோபரில் வீடு போனது, டிசம்பரில் பனி. பனிப் பாரத்துக்குத் தார்ப்பாய்க் கூடாரம் தாங்காது. அங்கே கை கொடுத்தது நெளி தகரம். தகரம் மட்டும் போனால் பாதி வேலைதான். வாஷர் வைத்த ஆணி, சுத்தியல், ரம்பம், தகரம் வெட்டும் கத்திரி, கட்டுக் கம்பி சேர்த்து அனுப்ப வேண்டும். தரையில் விரிக்கக் கனமான பாயும் வேண்டும். படுத்தவரின் உடம்புச் சூட்டை முதலில் இழுப்பது தரைதான். ஒரு மூட்டை 25 கிலோவைத் தாண்டாமல் கட்டுங்கள், சாலை முடியும் இடத்திலிருந்து யாரோ ஒருவர் அதை முதுகில் சுமக்க வேண்டும். என்ன இருக்கிறது என்று வெளியே இந்தியிலும் எழுதுங்கள். பெண்களுக்கு சானிட்டரி நாப்கின் கேட்காமலே வையுங்கள், அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்ய ஆள் இல்லையென்றால் பணமாகக் கொடுப்பதே மேல். அரசு நிவாரண நிதியோ, அந்தப் பகுதியில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்போ பக்கத்து ஊரிலேயே வாங்கிவிடும், லாரி வாடகையும் மிச்சம்.

கேள்வி: சாலையை ஏன் உடனே சரி செய்ய முடிவதில்லை? நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆற்றில் வெள்ளம் வருமாமே, மழையே இல்லாமல் எப்படி?
– வாசகி, பெருங்குடி

பதில்: மலையில் ஊருக்குப் போகும் வழி பெரும்பாலும் ஒன்றே ஒன்று, அதுவும் ஆற்றை ஒட்டி மலையை வெட்டிப் போட்டது. 1991 நிலநடுக்கத்தில் உத்தரகாசிக்கு மேலே கவானா பாலம் ஒன்று விழுந்ததில் கங்கோத்திரிப் பக்கம் முழுக்கத் துண்டானது. 2015-ல் நேபாளத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலச்சரிவுகளைச் செயற்கைக்கோள் படங்களில் எண்ணியிருக்கிறார்கள். புல்டோசர் ஒரு பக்கத்திலிருந்துதான் போக முடியும். முதல் சரிவை அகற்றினால்தான் இரண்டாவது இடத்துக்கு எட்டும். அகற்றும்போதே அடுத்த ஆட்டத்தில் மேலிருந்து மறுபடி சரியும்.

வெள்ளம் பற்றிய உங்கள் கேள்வி மிக முக்கியமானது. சரிந்த மலை ஆற்றுக்குக் குறுக்கே விழுந்து அணைபோல் தேக்கிவிடும். கீழே இருக்கும் ஊருக்கு அதன் முதல் அடையாளம், காரணமில்லாமல் ஆற்றில் தண்ணீர் வற்றுவது. பிள்ளைகள் மீன் பிடிக்க ஆற்றுக்குள் இறங்குவார்கள். அப்போதுதான் எல்லாரும் மேட்டுக்கு ஏற வேண்டும். மண்ணும் பாறையும் கலந்த அந்தக் கரைக்கு மதகும் கிடையாது, கலிங்கும் கிடையாது. தண்ணீர் மேலே வழிய ஆரம்பித்ததும் கரையை அரித்துக்கொண்டு மொத்தமாக இறங்கும். 1950 ஆகஸ்ட் 15 அசாம் நிலநடுக்கம் 8.6. சுபன்சிரி ஆற்றில் விழுந்த அடைப்பு எட்டு நாள் கழித்து உடைந்து, 7 மீட்டர் அலையாக வந்து ஐநூறு பேருக்கு மேல் கொன்றது. நடுக்கத்தில் பிழைத்தவர்கள் அவர்கள்.

இதைத் தடுக்கவும் முடிந்திருக்கிறது. 1893-ல் இன்றைய உத்தராகண்டின் கட்வால் பகுதியில் பிரகி கங்கை ஆற்றில் மலை சரிந்து கோனா ஏரி உண்டானது. அது நிலநடுக்கத்தால் அல்ல, ஆனால் அடைப்பு அதே மாதிரி. பொறியாளர்கள் நீர்மட்டம் ஏறும் வேகத்தை அளந்து, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வழியும் என்று கணக்கிட்டார்கள். ஏரிக்கரையிலிருந்து கீழே ஊர்கள்வரை தந்திக் கம்பி இழுத்தார்கள், ஆற்றோர ஊர்களைக் காலி செய்தார்கள். 1894 ஆகஸ்டில் சொன்னபடியே உடைந்தது. கட்வாலில் இருக்கும் ஸ்ரீநகர் ஊரே அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் ஐந்து பேர் மட்டும். 2008-ல் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு தாங்ஜியாஷான் ஏரியிலும் இதே வேலையைச் செய்தார்கள்: கீழே இருந்தவர்களை அப்புறப்படுத்திவிட்டு, அடைப்பின் மேல் கால்வாய் வெட்டித் தண்ணீரைக் கட்டுக்குள் இறக்கினார்கள்.

ஆபத்து அந்த வாரத்தோடு முடியாது. விரிந்த மலை அடுத்தடுத்த மழைக்காலங்களிலும் சரிந்துகொண்டே இருக்கும். ஊருக்கு மேலே சரிவில் பிறை வடிவில் வெடிப்பு தெரிந்தால், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடையே உள்ள தூரத்தைத் தினமும் ஒரே நேரத்தில் டேப்பால் அளந்து எழுத வேண்டும். வெடிப்புக்குள் மழைநீர் இறங்காமல் களிமண் அடைத்து மூட வேண்டும். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்தாலோ, தூரம் நாளுக்கு நாள் கூடினாலோ அளப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

கேள்வி: அடுத்த நிலநடுக்கம் இந்தத் தேதியில் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். தேதி குறித்துச் சொல்லும் வழி உலகில் யாரிடமும் இல்லை. இருப்பது சில நொடி எச்சரிக்கை மட்டும். முதல் அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், வீட்டை இடிக்கும் இரண்டாவது அலை சுமார் மூன்றரை. மையத்திலிருந்து 100 கிலோமீட்டரில் இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு நொடி அளவுக்கு இடைவெளி கிடைக்கும். உத்தராகண்டில் ஐ.ஐ.டி. ரூர்க்கி பொருத்திய கருவிகள் இதை வைத்துத்தான் போனுக்குச் செய்தி அனுப்புகின்றன. பன்னிரண்டு நொடியில் மேசைக்கு அடியில் போய்விடலாம். மையத்துக்கு மிக அருகில் இருக்கும் ஊருக்கு அந்த அவகாசமும் கிடைக்காது, அங்கே சுவர்தான் காப்பாற்ற வேண்டும்.

கேள்வி: 2012 ஏப்ரலில் சுமத்ராவில் நடுக்கம், எங்கள் ஆறாவது மாடி ஆடியது. தரைத்தளத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் அடுக்ககத்தில் கீழே முழுக்கக் கார் பார்க்கிங். பயப்பட வேண்டுமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தூரத்தில் பிறந்த பெரிய நடுக்கத்தின் வேகமாக அதிரும் அலைகள் வழியிலேயே அடங்கிவிடும், மெதுவாக அதிரும் அலைகள் மட்டும் இவ்வளவு தொலைவு வரும். உயரமான கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் மெதுவானது. இரண்டும் ஒத்துப்போவதால் மேல் மாடிக்கு மட்டும் தெரிகிறது. வேளச்சேரி போன்ற களிமண் பகுதிகளில் அது இன்னும் கொஞ்சம் கூடும். அந்த ஆட்டத்துக்குப் பயப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது அந்தப் பார்க்கிங் தளம். நிலநடுக்க ஆபத்துக்கேற்ப நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், எண் கூடினால் ஆபத்தும் கூடுதல். சென்னை 2002-ல் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. மேல் மாடிகளில் சுவர் நிறைய, கீழே தூண் மட்டும் என்றால் மொத்த ஆட்டத்தையும் கீழ்த்தூண்களே வாங்கும். 2001-ல் குஜராத்தின் பூஜ் நடுக்கத்தில் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் இந்த வகைக் கட்டடங்கள் உட்கார்ந்துவிட்டன. உங்கள் சங்கத்தில் கட்டட வரைபடத்தை எடுத்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வடிவமைப்பு எந்த மண்டலத்துக்கு? தூணின் இரு முனைகளிலும், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளி 100 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா? ரிங்கின் கொக்கி 135 டிகிரிக்கு உள்நோக்கி வளைந்திருக்கிறதா, 90 டிகிரியோடு நின்றுவிட்டதா? தொண்ணூறில் நின்ற கொக்கி ஆட்டத்தில் திறந்துகொள்ளும். தூணுக்குள் இருக்கும் கம்பி பிதுங்கும். குறை இருந்தால் சில தூண்களுக்கு இடையே கான்கிரீட் சுவர் எழுப்பலாம், அல்லது தூணைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டித் தடிமனாக்கலாம். இரண்டு மூன்று கார் இடம் போகும். பார்க்கிங்கில் எந்தச் சுவரையும் பொறியாளரைக் கேட்காமல் இடிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். ஒரு மூலையில் மட்டும் சுவர் எழுப்பினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும்.